பாதரசம்: வயிற்றைப் பார்த்துப் பயந்து மூச்சை மறந்துவிடுகிறோம்

போன மார்கழியில் ஏற்காட்டில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல். பழைய கண்ணாடி தெர்மாமீட்டரை உதறும்போது கட்டில் விளிம்பில் பட்டு உடைந்தது. பாதரசம் மணிமணியாகச் சிதறி, சிமெண்ட் தரை வெடிப்புக்குள் ஓடியது. குளிருக்குச் சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. "வாயில ஏதும் போயிருக்குமோ?" என்று அக்கா பதறினாள். மாமா விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டுமே தவறு. விழுங்கிய பாதரசத்தில் 0.01 சதவீதம்கூடக் குடலில் ஏறாது, மலத்தோடு போய்விடும். ஆனால் மூச்சில் போகும் ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மின்னூட்டம் இல்லாத அணு என்பதால் மூளைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். உள்ளே போனதும் கேட்டலேஸ் என்ற நொதி அதை மின்னூட்டம் உள்ள அயனியாக மாற்றிவிடுகிறது. அயனிக்கோ வந்த வழியே திரும்பத் தெரியாது, அங்கேயே மாட்டிக்கொள்கிறது. பெருக்கினால் மணிகள் பொடியாகி ஆவி கூடும். அதனால் பிள்ளையை வெளியே தூக்கிப்போய், சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள பாட்டிலில் அடைத்தோம்.

அப்புறம், சிவப்பழகு கிரீம். மேலே பூசுவதுதானே என்று நினைக்கிறார்கள். சில கிரீம்களில் பாதரச உப்பு இருக்கிறது. அது தோல் வழியாக இறங்கி, பெரும்பாலும் சிறுநீரகத்தில் போய்ச் சேரும். அங்குள்ள புரதங்களின் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கால் வீங்குவதும் சிறுநீரில் நுரை தள்ளுவதும் அதன் அறிகுறியாக இருக்கலாம். லேபிள் இல்லாத கிரீமைத் தொடவே வேண்டாம்.

மீனில் இருப்பது வேறு ரகம், மெத்தில் பாதரசம். சேலத்துக்கு ஐஸில் வரும் சுறாவை எத்தனை தடவை கழுவி மஞ்சள் போட்டாலும் அது போகாது. சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. குடல் அதில் 95 சதவீதத்தை ஏற்றுக்கொள்ளும். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்ததும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் போலத் தோற்றம் தருவதால், மூளையின் வாசல் தானே திறந்துவிடும். நஞ்சுக்கொடியையும் கடக்கும், தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும். ரத்தத்தில் பாதி குறையவே சுமார் 50 நாளாகும். கர்ப்பிணிகள் சுறா புட்டை விட்டுவிட்டு மத்தி, நெத்திலி சாப்பிடட்டும்.

சரி, டெஸ்ட் எடுக்கலாம் என்றால் அங்கும் ஒரு தவறு. ஆவிக்கும் கிரீமுக்கும் சிறுநீரைப் பார்க்க வேண்டும்; மீனுக்கு ரத்தத்தையும் தலைமுடியையும். ஆவியை மூச்சில் வாங்கியவருக்கு ரத்தத்தில் அளவு சீக்கிரமே இறங்கிவிடும். அதைப் பார்த்து நிம்மதியடைய முடியாது, சிறுநீரகத்தில் இன்னும் இருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று நஞ்சு முறிவு ஊசிக்கும் போகாதீர்கள். டைமர்காப்ரால் என்ற பழைய மருந்து, மெத்தில் பாதரசத்தை மூளைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியது. எந்த வகைப் பாதரசம், எந்த வழியாக, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.