இலையின் அளவு: எங்கே தவறு நேர்கிறது?

ஒரு தாவரத்தின் இலை எவ்வளவு பெரியது என்று குறிக்கும் முன், எதை இலை என்று எடுத்துக்கொண்டோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அளவுகோலால் வரும் பிழையைவிட இங்கே வரும் பிழைதான் மிகப் பெரியது.

புளியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் இலை என்று கிள்ளுகிற அந்தச் சின்னத் துணுக்கு உண்மையில் சிற்றிலை. அத்தனை சிற்றிலைகளும் அவற்றைத் தாங்கும் ஈர்க்கும் சேர்ந்துதான் ஓர் இலை. சந்தேகம் வந்தால் மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு கிளையோடு சேரும் மூலையில் கோணமொட்டு இருக்கும். சிற்றிலை ஈர்க்கோடு சேரும் இடத்தில் இருக்காது. மொட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது முழுவதும் ஒரே இலை. 15 மி.மீ. நீளமும் 5 மி.மீ. அகலமும் உள்ள சிற்றிலையின் பரப்பு சுமார் 60 ச.மி.மீ. அப்படி 24 இருந்தால் இலையின் பரப்பு 1,440 ச.மி.மீ. டென்மார்க் தாவரவியலாளர் ரௌன்கியர் வகுத்த அளவு வகைகள் 25 ச.மி.மீ.யில் தொடங்கி ஒவ்வொரு படிக்கும் 9 மடங்காக ஏறுகின்றன: 25, 225, 2,025, 18,225, 164,025. சிற்றிலையை இலை என்று எழுதிவிட்டால் புளி ஒரு வகை கீழே இறங்கிவிடும். முருங்கை போல மும்முறை பிரிந்த கூட்டிலையில் தவறு இன்னும் பெரிதாகும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. சப்பாத்திக்கள்ளியின் தட்டையான மடல் தண்டு. ஆஸ்திரேலிய அகேசியா மரங்கள் பலவற்றில் இலை போலத் தெரிவது தட்டையாக விரிந்த காம்பு. அதை அளக்கலாம், ஆனால் இன்னதை அளந்தோம் என்று குறிப்பில் எழுத வேண்டும்.

அடுத்தது, எந்த இலையைப் பறிப்பது. கைக்கு எட்டுகிறது என்பதற்காக அடிக்கிளையின் நிழல் இலையைப் பறிப்பதுதான் எல்லாரும் செய்வது. நிழல் இலை பொதுவாக அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். வெயில் படும் இலை சிறியதாகவும் தடித்தும் இருக்கும். ஒரு மரத்தின் நிழல் இலையையும் இன்னொரு மரத்தின் வெயில் இலையையும் ஒப்பிட்டால் தெரிவது வெளிச்சத்தின் வேறுபாடு, இனத்தின் வேறுபாடு அல்ல. மரத்தின் வயதும் அப்படித்தான். இளந்தேக்கின் இலையும், வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்த்த கிளையின் இலையும் முதிர்ந்த தேக்கின் இலையைவிட மிகப் பெரியவை. இளம் பலாவில் பிளவுபட்ட இலைகளைக்கூடக் காணலாம். எனவே இனங்களை ஒப்பிடும்போது முதிர்ந்த மரத்தின் வெளிப்புறக் கிளையில், வளர்ச்சி முடிந்த, பூச்சி கடிக்காத இலையை எடுங்கள். வளர்ச்சி முடிந்ததா என்று அறிய, காம்பில் நூல் கட்டிவிட்டு நான்கு நாள் கழித்து மறுபடி நீளம் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் சரி. மாவில் செம்பு நிறத் தளிரைத் தொடவே வேண்டாம்.

ஒரே மரத்தில் 20 இலை பறிப்பதைவிட 5 மரங்களில் நான்கு நான்காகப் பறிப்பது மேல். ஒரு மரத்தின் 20 இலைகள் அந்த ஒரு மரத்தைப் பற்றித்தான் சொல்லும்.

பறித்த இலை வாடினால் பரப்பு சுருங்கும். ஈரத்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நிழலில் வைத்து, அன்றே அளந்துவிடுங்கள். காய்ந்த இலை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு பரப்பை இழக்கிறது. மென்மையான இலைகள் அதற்கு மேலும் இழக்கும். உலர்த்தி ஒட்டிய தாவர மாதிரிகளின் அளவைப் பச்சை இலையின் அளவோடு ஒரே பட்டியலில் கலக்கவே கூடாது.

நீளத்தை மட்டும் ஒப்பிடுவது இன்னொரு பிழை. வடிவம் மாறாமல் நீளம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். நீளம் × அகலம் × 0.75 என்ற கணக்கு மக்காச்சோளத்துக்காக வந்தது. எல்லா இலைக்கும் அது பொருந்தாது. நீள்வட்ட இலைக்கு இந்தப் பெருக்கும் எண், அதாவது கெழு, 0.785, முக்கோணத்துக்கு 0.5. அரசிலையில் வால் போன்ற நுனி நீளத்தைக் கூட்டும், பரப்பை ஏறக்குறையக் கூட்டாது, கெழு இறங்கிவிடும். சிறிதும் பெரிதுமாக 30 இலைகளின் உண்மையான பரப்பை அளந்து, ஒவ்வொன்றையும் அதன் நீள அகலப் பெருக்கத்தால் வகுத்து, அந்த இனத்துக்கான கெழுவை நீங்களே எடுங்கள். நீளத்தில் காம்பைச் சேர்க்க வேண்டாம்.

உண்மையான பரப்புக்கு ஸ்கேனர் நல்லது. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் ஒரு ச.செ.மீ.க்கு ஏறத்தாழ 13,950 புள்ளிகள் கிடைக்கும், அது போதும். செல்பேசியில் எடுத்தால் கண்ணாடித் தகட்டால் இலையை அழுத்தி, அளவுகோலை இலையின் மட்டத்திலேயே வைத்து, நேர்மேலிருந்து எடுக்க வேண்டும். நீளத்தில் 2 சதவீதம் தவறினால் பரப்பில் 4 சதவீதம் தவறும். கருவி இல்லையா? 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் இலையை வரைந்து வெட்டி நிறுத்துப் பாருங்கள்: 8 மி.கி. என்றால் 1 ச.செ.மீ.

சராசரியிலும் கவனம் வேண்டும். ஐந்து இனங்களின் இலைப்பரப்பு 4, 5, 6, 8, 77 ச.செ.மீ. என்றால் சாதாரண சராசரி 20. அந்த 20-க்கு அருகில் ஓர் இலைகூட இல்லை. ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுக்கும் பெருக்குச் சராசரி 9.4, வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை 6. இலை அளவு இனத்துக்கு இனம் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் மாறுவதால், மடக்கை எடுத்து ஒப்பிடுவதே முறை.

கடைசியாக, சிறிய இலை என்றாலே வறட்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இலையின் மேல் அசையாத காற்றுப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். அகலமான இலையில் அது தடிமனாக இருப்பதால், பகலில் வெப்பம் வெளியேறத் தாமதமாகும். தெளிந்த வானம் உள்ள இரவில் இலை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். 7,670 இனங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, உலகின் பெரும்பகுதியில் இலை அளவைக் கட்டுப்படுத்துவது பகல் வெப்பத்தைவிட இரவுக் குளிரே என்று காட்டியது. இந்த வெப்பக் கணக்கில் மட்டும் சிற்றிலையின் அகலம்தான் முக்கியம். தென்னையின் மட்டை 5 மீட்டர் நீண்டாலும், காற்றுக்கு அது சில செ.மீ. அகலமுள்ள கீற்றுகளின் வரிசைதான். அதனால் கூட்டிலைகளுக்கு முழு இலையின் பரப்பு, ஒரு சிற்றிலையின் அகலம் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள்.