தன்வளப் பூஞ்சையா? அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்

தட்டில் ஒரே பூஞ்சையை வளர்க்கிறோம். இணை எதுவும் சேர்க்கவில்லை, ஆனாலும் பாலினப்பெருக்கம் நடந்து ஸ்போர்கள் வந்துவிடுகின்றன. உடனே ‘ஹோமோதாலிக்’ (வேறு இணை தேவைப்படாத தன்வளப் பூஞ்சை) என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்கிற தவறு.

அந்த வளர்ப்பு எதிலிருந்து தொடங்கியது என்று முதலில் பாருங்கள். காளானின் சதைத் துண்டில் பெரும்பாலும் இரண்டு வகை உட்கருக்கள் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கும். சரி, ஒற்றை ஸ்போரிலிருந்து தொடங்கினால் போதுமா? அதுவும் ஏமாற்றும். நியூரோஸ்போரா டெட்ராஸ்பெர்மா என்ற பூஞ்சையின் ஸ்போர்ப் பைக்குள் அதன் உறவினங்களைப்போல 8 ஸ்போர்கள் இருக்காது. 4 பெரிய ஸ்போர்கள்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரெதிர் இணைவு வகை (எது எதோடு கூடலாம் என்பதைத் தீர்மானிக்கும் மரபு வகை) உட்கருக்கள் அடங்கியிருக்கும், அதாவது இணை உள்ளேயே இருக்கிறது. எப்போதாவது ஒரு பெரிய ஸ்போரின் இடத்தில் இரண்டு சிறியவை வரும். அந்தச் சிறியதைத் தனியே வளர்த்துப் பாருங்கள், துணையில்லாமல் கருவுறாது. மொட்டுக் காளானிலும் பெரும்பாலான ஸ்போர்கள் இரட்டை உட்கருவோடுதான் வருகின்றன. ஆகவே நுண்ணோக்கியில் ஸ்போர்களை எண்ணாமல், அளவைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

ரொட்டி ஈஸ்ட்டின் வழி வேறு. ஒருமுறை மொட்டுவிட்ட செல் தன் இணைவு வகையையே மாற்றிக்கொண்டு, தன் வழிவந்த செல்லோடு கூடிவிடும். இதற்கான மரபணு செயலிழந்த ரகங்களையே ஆய்வகங்களில் பெரிதும் பயன்படுத்துவதால், அங்கே இதைக் காண முடியாது. ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையில்தான் இரு வகை இணைவு மரபணுக்களும் ஒரே உட்கருவில் இருக்கின்றன. அதற்காக அது பிற ரகங்களோடு சேராது என்று நினைத்துவிடாதீர்கள். மரபியலாளர்கள் பல பத்தாண்டுகளாக அதைக் கலப்பு செய்துவருகிறார்கள்.

இணைவு வகையை ஆண், பெண் என்று புரிந்துகொள்வதும் தவறுதான். நியூரோஸ்போரா கிராஸாவின் இரு வகைகளுமே ஆணாகவும் பெண்ணாகவும் செயல்படும். ஷிசோஃபில்லம் கம்யூன் என்ற காளானில் இணைவு வகைகள் 20,000-க்கும் மேல்!

அப்புறம், கண்ணில் படவில்லை என்பதால் பாலினப்பெருக்கமே இல்லை என்று எழுதுவது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸைப் பற்றி நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். எதிரெதிர் வகைகளை ஓட்ஸ் அகார் என்ற வளர்ப்புக் கூழில், 30 டிகிரி செல்சியஸில், இருட்டில் ஆறு மாதம் வைத்தபோது அது நடந்தது. 2009-இல் முடிவு வெளியானது. ‘இல்லை’ என்று எழுதும்போது எந்த வளர்ப்பு ஊடகம், என்ன வெப்பம், எத்தனை நாள், எந்தெந்த இணைகளோடு பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.