காட்டில் தனியாகச் சிக்கினால் முதல் வேலை தண்ணீர்

மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடையில் வழி தவறியவருக்குச் சாப்பாடு அவசரமில்லை. பட்டினியைப் பல நாள் தாங்கும் உடம்பு, தண்ணீரில்லாமல் மூன்று நாளைத் தாண்டுவது கடினம். கையில் இருக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிக்காதீர்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டியது வியர்வையைத்தான். உச்சி வெயிலில் நடக்காமல் நிழலில் இருங்கள்.

வறண்ட ஓடையில், வளைவின் வெளிப்பக்கக் கரையோரம் மணல் ஈரமாகத் தெரியும் இடத்தைத் தோண்டுங்கள். ஒரு முழ ஆழத்திலும் ஈரம் கூடவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மேற்கொண்டு தோண்டினால் கிடைப்பதைவிட வியர்வையில் போவதே அதிகம். தேங்கிய குட்டையில் நேரடியாக மொள்ள வேண்டாம். கரையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, குட்டையின் நீர்மட்டத்துக்குக் கீழே குழி பறியுங்கள். முதலில் ஊறும் கலங்கலை இரண்டு மூன்று முறை இறைத்துவிட்டுத் தெளிந்ததை எடுங்கள். மணல் கலங்கலைத்தான் பிடிக்கும், கிருமியை முழுக்கப் பிடிக்காது. விலங்குகளின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் கிருமி குட்டையில் கலந்திருக்கலாம். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

துண்டை நாலாக மடித்து வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். ஊட்டி போல 2000 மீட்டருக்கு மேலான இடங்களில் மூன்று நிமிடம் தேவை, அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டிலை மூடியைக் கழற்றி நெருப்பில் வைக்கலாம். சூடு ஆறாமல் வைக்கும் இரட்டைச் சுவர் பாட்டிலை வைக்காதீர்கள், வெடிக்கலாம். காய்ந்த புல்வெளியில் தீ மூட்டவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்களைப் பலி கொண்டது காட்டுத்தீதான்.

நெருப்புக்கு வழியில்லையா? தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, நேரடி வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். மேகமூட்டமானால் இரண்டு நாள். குளோரின் மாத்திரை இருந்தால் போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கலங்கிய நீரில் அது சரியாக வேலை செய்யாது.

ஓடையே இல்லாத சரிவில், இலையடர்ந்த கிளையைப் பாலித்தீன் பையால் மூடி வாயை இறுகக் கட்டினால் மாலைக்குள் சில மடக்கு சேரும். அரளி, எருக்கு, பால் வடியும் எந்தச் செடியும் வேண்டாம், விஷம் கலக்கலாம்.

யானையும் காட்டெருமையும் அந்தியிலும் விடியலிலும் நீருக்கு வரும். நன்றாக விடிந்து வெயில் ஏறியபின் மொள்ளப் போங்கள். தங்கும் இடம் தண்ணீரிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, விலங்குத் தடத்தை விட்டு விலகி இருக்கட்டும். ஓடைப் படுகை மணல் மெத்தென்று இருந்தாலும் அதில் படுக்காதீர்கள். மலை உச்சியில் பெய்யும் மழை, கீழே ஒரு தூறல்கூட இல்லாதபோதே வெள்ளமாக வந்துவிடும்.