அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம்: கடிதம் எழுதும் ஆசிரியையாக நான் சொல்வது

நியூ ஜெர்சியில் ஒரு பப்ளிக் ஹைஸ்கூலில் 14 வருடமாக வேதியியல் நடத்துகிறேன். ஒவ்வொரு மே மாதமும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு என் வகுப்பறை வாசலில் வந்து நிற்பார்கள். வருடத்துக்கு 20 கடிதத்துக்கு மேல் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு கடிதம் உருப்படியாக வர எனக்கு ஒரு முழு மாலை வேண்டும்.

பொங்கல் விழா, கொலு என்று எங்கே போனாலும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான். "அக்கா, பையனுக்கு இன்னும் என்ன சேர்க்கணும்?" டிபேட் சேர்க்கலாமா, இன்னொரு ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) எடுக்கலாமா, கோடையில் பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ப்ரோகிராமுக்குப் பணம் கட்டலாமா? அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற கோடை ஆராய்ச்சி முகாம் போல, கட்டணம் வாங்காமல் கடும் போட்டியில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முகாம்கள் இருக்கின்றன. அவை வேறு. பணம் கட்டினால் இடம் என்பது வேறு. விண்ணப்பம் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புதிதாகச் சேர்க்க எதுவும் வேண்டாம். ஏற்கெனவே செய்திருப்பது, படிப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கடிதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது அதுதான். நாங்கள் எழுதுவதை "நன்றாகப் படிப்பாள், பொறுப்பானவள்" என்று முடித்தால் அது எதற்கும் உதவாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள், மதிப்பெண்ணிலும் முதலாவது இல்லை. டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவை அளக்கும் சோதனை) செய்யும்போது அவளுக்கு மட்டும் அளவு ஒவ்வொரு முறையும் கூடுதலாக வந்தது. பக்கத்து மேசை விடையைப் பார்த்து எழுதியிருக்கலாம். அவள் பள்ளி முடிந்து வந்து திரும்பச் செய்தாள், மறுநாளும் வந்தாள். மூன்றாவது முறை அவளே கண்டுபிடித்தாள்: கரைசலை அளந்து விடும் குழாயான பியூரெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு, கரைசலால் ஒரு தடவை அலசாமல் நிரப்பியிருக்கிறாள். உள்ளே ஒட்டியிருந்த தண்ணீர் கரைசலை நீர்க்கவைத்துவிட்டது. தவறான மூன்று அளவையும் அடிக்காமல் ரெக்கார்டில் அப்படியே வைத்து, பக்கத்தில் காரணம் எழுதியிருந்தாள். என் கடிதம் முழுக்க அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான்.

ஆகவே கடிதம் கேட்க வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். ஒரு தாளில் மூன்று விஷயம் போதும்: என் வகுப்பில் உனக்குக் கஷ்டமாக இருந்தது எது, அதை எப்படித் தாண்டினாய், எந்தப் பாடம் வீட்டுக்குப் போன பிறகும் மனதில் ஓடியது. ஜூனியர் வருடம், அதாவது பதினோராம் வகுப்பில், பாடம் எடுத்த ஆசிரியரைக் கேளுங்கள், மே மாதத்திலேயே கேளுங்கள். படிவத்தில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுத்துவிடுங்கள். மனம் திறந்து எழுதிய கடிதம் என்று கல்லூரி நம்புவதற்கு அது வேண்டும்.

பள்ளியில் மாணவருக்கு வழிகாட்டும் கவுன்சிலரும் ஒரு கடிதம் அனுப்புவார். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது அவர்கள் சங்கமே சொல்லும் அளவு. நிறையப் பள்ளிகளில் அதைவிட அதிகம். பெற்றோருக்கு அவர் கொடுக்கும் கேள்வித்தாளில் "கெட்டிக்காரன்" என்று எழுதாமல், ஒரு சம்பவத்தை எழுதிக் கொடுங்கள். அவருக்கும் கடிதத்தில் வைக்க ஏதாவது கிடைக்கும்.

அப்புறம் பாடத்துக்கு வெளியே செய்யும் செயல்பாடுகள். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவமாக நிரப்பும் காமன் ஆப்பில் இதற்கு 10 இடம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்து. இடைவெளியும் கணக்கில் சேரும். கோயிலில் தொண்டு செய்த ஒரு பையன் முதலில் எழுதி வந்தது இது: "கோயிலில் தன்னார்வலர். பல பணிகளில் உதவினேன். தலைமைப் பண்பு வளர்ந்தது." என்னதான்டா செய்தாய் என்று பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். ஞாயிறுதோறும் அன்னதானத்தில் எவ்வளவு சோறு மீந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறான். அதை வைத்து அடுத்த வாரம் எவ்வளவு அரிசி போடலாம் என்று சமையல் மாமாவிடம் சொல்லியிருக்கிறான். இதையெல்லாம் அவன் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. திருத்தி எழுதியது: "ஞாயிறு அன்னதானம், 200 பேர். மீதியை வாராவாரம் குறித்து அரிசி அளவை மாற்றினேன், வீணாவது பாதியானது." இதில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் பையன் கண்முன் நிற்கிறான்.

முக்கியமானதை முதலில் வையுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தூங்கவே நேரம் இல்லாத கணக்காக வரக் கூடாது. நம் பிள்ளைகள் எழுதத் தயங்கும் ஒன்றும் உண்டு: பாட்டிக்கு மருந்து கொடுப்பது, தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, மளிகைக் கடையில் சம்பளத்துக்கு நிற்பது. குடும்பப் பொறுப்புக்கும் வேலைக்கும் படிவத்திலேயே தனி வகை இருக்கிறது. தாராளமாக எழுதலாம். தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், சீல் ஆஃப் பைலிட்டரசி (இரு மொழித் தேர்ச்சிக்குத் தரும் அங்கீகாரம்) வாங்க முடியுமா என்று உங்கள் பள்ளியில் கேளுங்கள். பரிசுகளுக்கான 5 இடங்களில் அது ஒன்றாகும்.

விண்ணப்பத்தில் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு 650 சொல் வரை. என் மகளின் கட்டுரையில் நானே கை வைத்தேன். அவள் தாத்தாவின் பழைய ரேடியோவைப் பிரித்து, திரும்பச் சேர்க்க முடியாமல் போனதைப் பற்றி எழுதியிருந்தாள். தோல்வியில் முடிகிறதே என்று பயந்து, கடைசிப் பத்தியை நான் மாற்றினேன். அவள் படித்துவிட்டு, "இது நான் இல்லம்மா" என்றாள். பழையதையே அனுப்பினாள். அவள் செய்ததுதான் சரி. 17 வயதுப் பிள்ளை 45 வயதுக் குரலில் பேசினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாடங்களைப் பொறுத்தவரை, உங்கள் பள்ளியில் கிடைப்பதில் கடினமானவற்றை எடுத்தார்களா என்றுதான் பார்ப்பார்கள். டிரான்ஸ்கிரிப்டோடு (பாடங்களும் மதிப்பெண்ணும் உள்ள பட்டியல்) பள்ளியின் விவரமும் போகும். ஐந்தே ஏபி நடத்தும் பள்ளியில் பத்து எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தேர்வு வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். எம்ஐடி 2022லேயே எஸ்ஏடி, ஏசிடி என்ற பொதுத் தேர்வுகளின் மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்க ஆரம்பித்தது. 2024ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் போன்றவையும் அதையே அறிவித்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் மதிப்பெண் அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. அங்கே 8 கேள்வியில் நான்குக்கு 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். ஆசிரியர் கடிதமும் பொதுவாகக் கேட்பதில்லை.

எர்லி டிசிஷன் (ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே போடும் விண்ணப்பம்) போடுமுன், உதவித்தொகை போக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும், கல்லூரியின் இணையதளத்தில் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள், அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது எர்லி டிசிஷனின் நிபந்தனை. பல இடங்களில் கடைசி நாள் நவம்பர் 1. அக்டோபர் 31 இரவு பதினொன்றரைக்கு எனக்கு மெயில் அனுப்பும் பிள்ளைகள் வருடாவருடம் இருக்கிறார்கள். ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.

அனுப்பிய பிறகும் பாடத்தை விட்டுவிடாதீர்கள், ஜனவரி, பிப்ரவரியில் அரையாண்டு மதிப்பெண்ணும் கல்லூரிக்குப் போகும். மார்ச் கடைசிக்குள் பெரும்பாலான முடிவுகள் வந்துவிடும். எந்தப் பதிலாக இருந்தாலும் கடிதம் எழுதிய ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள், நாங்களும் காத்துக்கொண்டிருப்போம்.