சேதன இரசாயனச் செய்முறை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு வரும் பிள்ளை, சேதன இரசாயன ஆய்வுகூடத்தில் ஆங்கிலக் கையேட்டை வரிக்கு வரி பார்த்தே செய்முறையை முடிக்கிறது. குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நாங்கள் பழக்குவதில்லை. மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்துதான் வருகின்றன.

மீள்பளிங்காக்கலையே (பொருளைச் சூடான கரைப்பானில் கரைத்து, ஆறவிட்டு, தூய பளிங்காகத் திரும்பப் பெறுவதை) பாருங்கள். 2 கிராம் பென்சோயிக் அமிலம் கரைய ஏறக்குறைய 40 மி.லீ. கொதிநீர் போதும். அடியில் ஏதோ கரையாமல் கிடக்கிறதென்று பதறி, பிள்ளை 200 மி.லீ. வரை ஊற்றிவிடும். ஆறிய பிறகு அந்த நீரிலேயே 0.8 கிராம் அளவு தங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் அந்த நேரத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இன்னும் 5 மி.லீ. கொதிநீர் விட்டுப் பாரும், அடியில் கிடப்பது குறைகிறதா?" குறையாவிட்டால் அது மாசு, சூட்டோடு வடிகட்ட வேண்டியதுதான். இதைக் கேட்காமல் குடுவையை வாங்கித் தானே செய்து கொடுப்பது உதவியே அல்ல.

அடுத்தது, குளிர்நாட்டுக் கையேட்டை அப்படியே நம்புவது. "அறை வெப்பநிலைக்கு ஆறவிடுக" என்றால் அங்கே 20 பாகை, எங்களுக்கு 30க்கு மேல். பென்சோயிக் அமிலம் 20 பாகையில் லீற்றருக்கு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கரையும்; 30 பாகையில் 4 கிராமைத் தாண்டும். ஆகவே பனிக்கட்டியில் வைப்பது இங்கே கட்டாயம். பொருளைப் பிரித்தெடுக்கும் கரைப்பானான ஈதர் இன்னும் கவனிக்க வேண்டியது. அதன் கொதிநிலை 34.6 பாகை, சித்திரை, வைகாசி வெயிலில் அது ஆவியாகிப் பிரிபுனலுக்குள் (கலக்காத இரு திரவப் படைகளைப் பிரிக்கும், திருகுள்ள புனலுக்குள்) அழுத்தம் கூடக் கைச்சூடே போதும். பிரிபுனலைக் குலுக்கும்போது அடிக்கடி தலைகீழாகப் பிடித்துத் திருகைத் திறந்து ஆவியை வெளியேற்றுவதை, ஒவ்வொரு பிள்ளையும் முதலில் வெறும் நீரில் செய்து பழக வேண்டும்.

ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஒடுக்கிக்குக் குழாய்நீரை மணிக்கணக்கில் திறந்துவிடுவதும் சரியில்லை. குடாநாடு நிலத்தடி நீரை நம்பி வாழ்கிறது. சுண்ணக்கல் நிலத்து வன்னீர் கண்ணாடிக்குள் படிவு கட்டவும் செய்யும். ஒரு வாளி பனிக்கட்டி நீர், அதையே சுற்றவிட ஒரு சிறிய பம்பு, அவ்வளவுதான் தேவை.

புள்ளியிடுவதில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. விளைவின் (கடைசியில் கிடைக்கும் பொருளின்) நிறைக்கே புள்ளி என்றால், ஈரப்பளிங்கை நிறுக்கத்தான் பிள்ளை பழகும். மாரிகாலத்தில் பொருள் காய்வதும் இல்லை. 100 வீதத்தைத் தாண்டிய விளைவு கூட அறிக்கையில் வந்துவிடும். 60 வீதமே கிடைத்தாலும், தூய பென்சோயிக் அமிலத்தைப் போல 121 முதல் 122 பாகைக்குள் உருகும் பொருளுக்கு, 95 வீதம் கிடைத்து, மாசு கலந்ததால் 110இலேயே இளகத் தொடங்கும் பொருளைவிடக் கூடிய புள்ளி கொடுங்கள். ஏன் குறைந்தது என்று சரியாகக் காரணம் எழுதியவருக்கும் கொடுங்கள்.

வகுப்புக்கு முன் நோக்கத்தையும் கோட்பாட்டையும் ஒப்புவிக்கச் சொல்வதில் பயனில்லை. எந்தப் படியில் எந்தப் பொருள் எந்தத் திரவப் படையில் (நீரிலா, ஈதரிலா) இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து வரச் சொல்லுங்கள். சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்கட்டும், அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.