பி65 உட்கருவுக்குள் போனதா, போகவில்லையா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் எங்கள் ஆய்வகத்துக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள், நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது செய்த அதே தவறுகளை வருடம் தவறாமல் செய்கிறார்கள். டியூபில் பெயர் எழுத மறப்பது மாதிரியானவை ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்வது, பி65 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போவதை நாங்கள் மருந்தாகச் சோதிக்கும் எக்ஸ்ட்ராக்ட் (சாறு) தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் வரும் தவறுகளை.

ஒரே ஒரு நேரத்தை வைத்து முடிவு கட்டுவது

போன வாரம் சென்னிமலைப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். “அக்கா, எக்ஸ்ட்ராக்ட் வேலை செய்யுதுங்க! பி65 உள்ளயே போகலீங்க.”

எத்தனை நிமிடத்தில் ஃபிக்ஸ் செய்தாய், அதாவது வேதிப்பொருள் ஊற்றிச் செல்களை அந்த நிலையிலேயே நிறுத்தினாய் என்று கேட்டேன். டிஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் மட்டும் கொடுத்த செல்களை அரை மணியில். எக்ஸ்ட்ராக்டும் சேர்த்த செல்களை, சாப்பிட்டுவிட்டு வந்து, ஒன்றேகால் மணியில். எனக்கு வயிறு கலங்கியது. இதே இடத்தில்தான் நான் நான்கு மாத உழைப்பைத் தொலைத்தேன். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

மரபணுக்களை எழுப்பும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் அடையாளம் கண்டார்கள். அதன் ஒரு பாதிதான் பி65. சும்மா இருக்கும் செல்லில் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதை உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். டிஎன்எஃப் வந்ததும் ஐகேகே என்ற நொதி ஐ-கப்பா-பி மேல் பாஸ்பேட்டை ஒட்டும். அடுத்து யூபிகுவிட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டிக்கொள்ள, புரதங்களை நறுக்கும் புரோட்டியசோம் ஐ-கப்பா-பி-யைச் சிதைத்துவிடும். பி65-இல் அதுவரை மறைந்திருந்த நுழைவுக் குறி வெளியே தெரியும். அதை இம்போர்ட்டின் என்ற சுமக்கும் புரதம் பிடித்து, உட்கருத் துளை வழியாக உள்ளே கொண்டு போகும். அரை மணியில் உட்கரு பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

ஆனால் உள்ளே போன பி65 முதலில் எழுப்பும் மரபணுக்களில் ஐ-கப்பா-பி-யின் மரபணுவும் ஒன்று. புதிதாக உருவாகும் ஐ-கப்பா-பி உட்கருவுக்குள் நுழைந்து, பி65-ஐப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிடும். டிஎன்எஃப் தொடர்ந்து இருந்தால் பல செல்களில் இந்தப் போக்குவரத்து சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப நடக்கும். ஒன்றேகால் மணியில் மருந்தே இல்லாத செல்லிலும் பி65 வெளியே வந்துகொண்டிருக்கலாம்.

அந்தப் பெண்ணின் வீட்டில் தறி ஓடுகிறது. அதில் நாடா இடமும் வலமுமாகப் போய்வரும். “நாடா ஓடும்போது ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு, நாடா இடது பக்கமே நிற்குதுன்னு சொல்வியா?” என்றேன். உடனே புரிந்துகொண்டாள்.

சரி, என்ன செய்யலாம்? 0, 15, 30, 60, 90, 120 நிமிடங்கள் வையுங்கள். டிஎன்எஃப்-ஐப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சேர்த்து, செல்கள் இருக்கும் தட்டின் எல்லாக் குழிகளையும் ஒரே நேரத்தில் ஃபிக்ஸ் செய்யுங்கள். டிஎன்எஃப்-க்கு முன்னால் எக்ஸ்ட்ராக்டில் ஊறும் நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். மருந்து நுழைவைத் தடுத்ததா, தாமதப்படுத்த மட்டும் செய்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

பி65 வெளியே தெரிந்தால் அங்கேயே கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்று நினைப்பது

சும்மா இருக்கும் செல்லிலும் பி65 உள்ளே போய் வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். உட்கருவிலிருந்து வெளியேற்றும் சிஆர்எம்1 என்ற புரதத்தை லெப்டோமைசின்-பி என்ற மருந்து கொடுத்து அடைத்தால், டிஎன்எஃப் இல்லாமலே உட்கருவில் பி65 சேரும்.

பாஸ்பேட் ஒட்டியதை நுழைந்ததாக எழுதுவது

பாஸ்பேட் ஒட்டுவதும் உட்கருவுக்குள் நுழைவதும் வேறு வேறு. தனித்தனியாகக் காட்டுங்கள்.

உட்கருச் சாற்றில் டியூபுலின் பார்க்காமல் விடுவது

டியூபுலின் உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருக்கும் புரதம். செல்லிலிருந்து பிரித்த உட்கருச் சாற்றில் அது தெரிந்தால் சைட்டோபிளாசம் கலந்திருக்கிறது. அந்த பிளாட்டை (புரதங்களைக் காட்டும் சோதனைப் படத்தை) வைத்து எதையும் எழுதாதீர்கள்.