மூன்று பான் இருந்தால் மூன்று பேரேடு

எங்கள் வீட்டில் மூன்று தொழில் நடக்கிறது. என் பெயரில் தனியுரிமை நிறுவனம். சமையலறைத் துண்டும் ஏப்ரனும் தைத்து எட்ஸி என்ற இணையச் சந்தையில் விற்கிறோம். கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்த கூட்டு நிறுவனம் மேசை விரிப்புகளை அமேசான் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. பிரிட்டனுக்குச் சொந்த இணையதளத்தில் விற்க ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கரூரில் ஒரே குடோன், ஒரே பேக்கிங் மேசை. மூன்றின் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்.

முதலில் எண்ண வேண்டியது கடைப் பெயர்களை அல்ல, பான் எண்களை, அதாவது வருமான வரித் துறை தரும் நிரந்தரக் கணக்கு எண்களை. என் பெயரில் இரண்டு எட்ஸி கடை வைத்திருந்தாலும் வருமான வரிக்கு அது ஒரே ஆள்தான், ஏனென்றால் தனியுரிமை நிறுவனத்துக்கு என் பான்தான். கூட்டுக்கும் கம்பெனிக்கும் தனித்தனிப் பான் உண்டு. ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண் ஒரு பானுக்கு ஒன்றுதான் கிடைக்கும், ஜி.எஸ்.டி எண்ணும் பானை வைத்தே வரும். ஆகவே எங்களுக்கு ஐ.இ.சி., ஜி.எஸ்.டி எண், நடப்புக் கணக்கு, டேலி என்ற கணக்கு மென்பொருளில் கோப்பு எல்லாமே மூன்று மூன்று. விற்பனைத் தளத்தின் லாகின், அதன் மின்னஞ்சல், டாலர் வந்து சேரும் கணக்கு, கூரியர் லாகின் இவையும் அப்படியே மூன்றாக இருக்க வேண்டும். இதில் கூரியர் லாகினைத்தான் நாங்கள் விட்டுவிட்டோம்.

ஒரு தீபாவளி நேரம். கூட்டு நிறுவனத்துக்கு வந்த ஆர்டர், 34 பார்சல். அவசரத்தில் என் லாகினிலேயே புக் செய்து அனுப்பினோம். ஷிப்பிங் பில், அதாவது சுங்கத் துறையில் பதிவாகும் ஏற்றுமதி ஆவணம், என் ஐ.இ.சி.யில் பதிவானது, பணம் கூட்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வந்தது. ஒருபுறம் பொருள் போனதற்குச் சான்று இருக்கிறது, பணம் இல்லை. மறுபுறம் பணம் இருக்கிறது, பொருள் போனதற்குச் சான்று இல்லை. ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான மின்னணுச் சான்றான இ-பி.ஆர்.சி. எடுக்க முடியவில்லை, நூல் வாங்கியபோது கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. கடிதம், உறுதிமொழிப் பத்திரம் என்று அலைந்து சரிசெய்ய ஏழு மாதம் ஆனது. அத்தனை நாளும் கொழுந்தனார் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அதற்கு அப்புறம்தான் மேசையில் மூன்று நிறத் தட்டு வைத்தோம். என்னுடையது மஞ்சள், கூட்டுக்கு நீலம், கம்பெனிக்குப் பச்சை. ஆர்டர் தாளை அச்செடுத்ததும் அந்த நிறுவனத்தின் தட்டில் போட்டுவிட வேண்டும். தட்டின் விளிம்பில் ஐ.இ.சி. எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதி ஒட்டியிருக்கிறோம். பேக்கிங் செய்யும் அக்கா கூரியர் பில்லில் உள்ள எண்ணையும் தட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பையை ஒட்டுவார். விற்பனைப் பில் எண்ணிலும் முதல் எழுத்தைப் பார்த்தாலே எந்த நிறுவனம் என்று தெரியும்படி வைத்தோம். ஜி.எஸ்.டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அதனால் சுருக்கமாக வையுங்கள்.

அடுத்தது, தளம் அனுப்பும் பணத்தை எழுதும் முறை. நிறையப் பேர் வங்கியில் விழுந்த தொகையையே விற்பனையாக எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஒரு தவணையை எடுத்துக்கொள்வோம். விற்பனை 2,000 டாலர். திருப்பிக் கொடுத்தது 120, தளக் கட்டணம் 290, விளம்பரம் 210. கைக்கு வருவது 1,380. கணக்குக்காக டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 1,17,300 ரூபாய். வங்கியில் விழுந்ததோ 1,16,150. இதில் விற்பனை என்று எழுத வேண்டியது 1,70,000 ரூபாய். ரிட்டர்ன், கட்டணம், விளம்பரம் மூன்றும் தனித்தனிப் பேரேட்டில் போகும். மீதி 1,150 ரூபாயை, நாணய மாற்றுக் கட்டணம் எவ்வளவு, செலாவணி வித்தியாசம் எவ்வளவு என்று பிரித்து எழுதுவேன். வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கும் விளம்பரத்துக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே இங்கே ஜி.எஸ்.டி கட்ட வேண்டி வரலாம். கழித்து வந்த தொகையை மட்டும் எழுதினால் அந்தச் செலவு கண்ணிலேயே படாது. எந்த நிறுவனத்தின் லாகினில் அந்த விளம்பரம் ஓடியதோ, அதன் கணக்கில்தான் அது ஏற வேண்டும்.

வெளிநாட்டு வரியையும் கலக்காதீர்கள். 135 பவுண்டு வரையுள்ள பார்சல் பிரிட்டனுக்குப் போனால், 2021 ஜனவரி 1 முதல் அமேசான் போன்ற சந்தைத் தளமே வாட் என்ற அந்நாட்டு விற்பனை வரியை வசூலித்துக் கட்டிவிடுகிறது. சொந்த இணையதளத்தில் விற்றால் அது நம் பொறுப்பு. நம் கைக்கு வந்தாலும் அந்த 20 சதவீதம் வருமானம் இல்லை, கடன். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. ஆகவே கூட்டு நிறுவனத்தில் சுங்க வரிக்கென்றே ஒரு பேரேடு திறந்துவிட்டேன். அதைக் கூரியர் செலவோடு சேர்த்தால் எந்த விரிப்பில் லாபம் நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குடும்பத்துக்குள் பணமும் பொருளும் கை மாறும் இடம். கூட்டு நிறுவனம் வாங்கிய துணியில் 40 மீட்டர் எனக்குத் தேவைப்பட்டால், அது அடுத்த ரேக்கில் இருந்தாலும் பில் போட்டுத்தான் எடுக்கிறேன். இரண்டும் வேறு ஜி.எஸ்.டி எண். உறவுக்காரர் நிறுவனம் என்பதால் விலையையும் வெளியாருக்குக் கொடுக்கும் விலைக்கே போடச் சொன்னார் ஆடிட்டர். குடோன் வாடகை கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. மாதக் கடைசியில் பார்சல் எண்ணிக்கைப்படி பங்கு பிரித்து மற்ற இரண்டுக்கும் அது பில் கொடுக்கிறது. ஒருவருக்காக இன்னொருவர் கூரியர் பணம் கட்டினால் அன்றைக்கே இரண்டு பேரேட்டிலும் எழுதிவிடுவேன், ஒன்றில் பற்று, மற்றதில் வரவு. கைமாற்றை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கக் கடனாக வாங்கினால் அபராதம் வரும். கம்பெனிப் பணத்தில் மட்டும் வீட்டுச் செலவுக்குக் கை வைக்கவே வைக்காதீர்கள். நாமே இயக்குநர் என்றாலும் அது நம் பணம் இல்லை. சம்பளம், டிவிடெண்ட், நாம் கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவது என்று பெயர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை, 5ஆம் தேதிக்குள், மூன்று நிறுவனங்களின் பரஸ்பரப் பேரேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் கூட்டுக்குக் கொடுக்க வேண்டியது என் கணக்கில் 18,400 என்றால், அவர்கள் கணக்கில் என்னிடமிருந்து வர வேண்டியதும் 18,400 ஆகத்தான் இருக்க வேண்டும். மார்ச் கடைசியில் எல்.யூ.டி. (ஜி.எஸ்.டி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி), ஜூன் 30க்குள் ஐ.இ.சி. விவரத்தை உறுதிசெய்வது, இரண்டும் மூன்று மூன்று முறை. ஒன்றுக்குச் செய்துவிட்டு மூன்றுக்கும் முடிந்ததாக நினைப்பது சுலபம், அதனால் காலண்டரில் மூன்று கட்டம் போட்டு டிக் அடிக்கிறேன்.

ஏற்கெனவே எல்லாம் கலந்துபோயிருந்தால், வருகிற ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து புதிதாகப் பிரித்துவிடுங்கள். நடப்பு ஆண்டின் வங்கி ஸ்டேட்மெண்டை அச்செடுத்து, மூன்று நிற ஹைலைட்டரால் வரி வரியாகக் கோடு போடுங்கள். எந்த நிறத்திலும் சேராத வரிகள் மிஞ்சும். ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது அவற்றைத் தனித் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.